பலமுறை சொல்லியும் கேட்கவில்லை

எங்கள் வரிசையில், இரண்டு பக்கமும் சேர்த்து, பதினெட்டு வீடுகள். யாருக்கு மலாயில் ஒரு கடிதம் எழுத வேண்டுமென்றாலும் என்னிடம்தான் வருவார்கள். நான் பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்து வேலை பார்க்கும் கிராணி. வகுப்புக்குள் ஒரு நாள்கூடப் பாடம் நடத்தியதில்லை. ஆனாலும் எல்லோருக்கும் நான் டீச்சர்தான். குடிநீர்க் குழாய் உடைந்தால், பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தில் எழுத்து மாறிப்போனால், உதவித்தொகை நின்றுபோனால், சாயங்காலம் கேட்டைத் தட்டுவார்கள். எழுதிக் கொடுப்பேன். என் கடிதங்களுக்குப் பதில் வரும் என்று ஒரு பெயர் இருந்தது. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. அதிகாரியின் மேசையில் ஒரு கடிதம் தூங்கிவிடாமல் இருக்க எந்த வரியை எங்கே வைக்க வேண்டும் என்று இத்தனை வருட வேலை எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தது.

எங்கள் குடியிருப்பு பீடோங் பட்டணத்துக்குச் சற்று வெளியே இருக்கிறது. வீடுகளின் பின்புறம் ஒரு சந்து, சந்தை ஒட்டி ஒரு கால்வாய், கால்வாய்க்கு அப்பால் தோட்டத்துச் செம்பனை மரங்கள். கடைசி வீட்டில் ஓர் அக்கா தனியாக இருக்கிறார். கோலா கெத்தில் பக்கம் ஒரு தோட்டத்தில் இருந்தவர். கணவர் இறந்து, தோட்டத்து வீட்டையும் காலி செய்யச் சொன்ன பிறகு இங்கே வந்தார். பீடோங் பசாரில் ஒரு சீனத் தவுக்கே முதலாளியின் கோழிக்கடையில் கோழி சுத்தம் செய்யும் வேலை. விடியுமுன் மோட்டார் சைக்கிளில் கிளம்பி மத்தியானம் திரும்புவார். மோட்டாரின் முன்கூடையில் ஒரு பை இருக்கும். அதில் விற்காத தலைகளும் கால்களும் இருக்கும். அவற்றை வேகவைத்துச் சோற்றில் பிசைந்து, சாயங்காலம் ஆறு மணிக்குப் பின்சந்தில் தட்டுகளில் வைப்பார். பூனைகள் வரும். முதலில் ஏழெட்டு வந்தன. பிறகு பதினாறு ஆயின.

அந்தப் பூனைகளை அவர் கொண்டுவரவில்லை. பட்டணத்திலிருந்து ஆட்கள் பெட்டியில் கொண்டுவந்து செம்பனை ஓரத்தில் இறக்கிவிட்டுப் போவார்கள். ஒரு தடவை என் சமையலறை சன்னல் வழியாக நானே பார்த்தேன். ஒரு வெள்ளைக் கார் நின்றது. ஒரு பெண் இறங்கி, நூடல்ஸ் பெட்டி ஒன்றைப் புல்லில் வைத்தாள். பெட்டியின் வாயைக் கொஞ்சம் திறந்துவிட்டாள். அதற்குள் மூச்சு முட்டக் கூடாது என்ற அக்கறை அவளுக்கு இருந்தது. பிறகு கார் போய்விட்டது. நான் அடுப்பில் இருந்த குழம்பைப் பார்க்கத் திரும்பிக்கொண்டேன்.

பூனைகளால் வரிசையில் எல்லோருக்கும் ஒரு குறை இருந்தது. என் கணவரின் காரின் மேல் நகக் கீறல்கள். என் தொட்டிகளில் கத்தரிக் கன்று நட்டால் மறுநாள் மண் தோண்டிக் கிடக்கும், நாற்றமும் இருக்கும். எதிர்வீட்டுக்காரர் சுங்கைப் பட்டாணியில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். அவர் வீட்டுத் துணி அலமாரிக்குள் ஒரு பூனை குட்டி போட்டுவிட்டது. தெள்ளுப் பூச்சி கடித்து அவருடைய சின்ன மகளின் காலெல்லாம் தடித்திருந்தது. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் ஆறேழு பேர் எங்கள் வீட்டு முன்னால் கூடினார்கள்.

"டவுன் கவுன்சிலுக்கு ஒரு லெட்டர் போட்டுருங்க டீச்சர்" என்றார் எதிர்வீட்டுக்காரர்.

"யாராச்சும் அந்த அக்காகிட்ட சொல்லிப் பாத்தீங்களா?" என்று கேட்டேன்.

எதிர்வீட்டுக்காரரே சொன்னார்: "சொன்னா சண்டை வரும். ஒரே லைன்ல இருக்கோம், தெனமும் மூஞ்சியப் பாக்கணும். கவுன்சில்ல சொல்லிட்டா அவங்க பாத்துக்குவாங்க லா."

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து கடிதத்தை எழுதினேன். பொது இடத்தில் உணவு வைப்பது, அசுத்தம், நாற்றம், குழந்தைகளின் உடல்நலம் என்று எல்லாவற்றையும் முறையாக எழுதினேன். முடித்துப் படித்துப் பார்த்தபோது ஏதோ குறைவதுபோல் இருந்தது. இப்படியே அனுப்பினால், 'முதலில் நீங்களே பேசிப் பாருங்கள்' என்று அதிகாரி ஒதுக்கி வைத்துவிடுவார் என்று தோன்றியது. அதனால் மூன்றாவது பத்தியில் ஒரு வரியைச் சேர்த்தேன். 'அவரிடம் பலமுறை எடுத்துச் சொல்லியும் அவர் கேட்கவில்லை.' அதைச் சேர்த்த பிறகு கடிதம் நிமிர்ந்து நின்றது. ஏழு பேர் கையெழுத்துப் போட்டார்கள். நானும் போட்டேன். அந்த வரியைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. அதை யாரும் படித்தார்களா என்றுகூட எனக்குத் தெரியாது.

மூன்று வாரம் கழித்து அந்த அக்கா எங்கள் கேட்டுக்கு வெளியே நின்றார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை, அதற்குள் ஒரு தாள்.

"டீச்சர், கவுன்சில்காரவங்க கேட்ல ஒரு சூராட் சொருகிட்டுப் போயிருக்காங்க. என்னான்னு கொஞ்சம் பாருங்களேன்."

உள்ளே வரச் சொன்னேன். மேலெல்லாம் கோழி வாடை என்று வெளியிலேயே நின்றுகொண்டார். நான் தாளைப் பிரித்தேன். குடியிருப்பாளர்கள் புகார் செய்திருக்கிறார்கள். துணைச் சட்டத்தின்படி பொதுச் சந்தில் உணவு போட்டு அசுத்தம் செய்வது குற்றம். பதினான்கு நாளுக்குள் நிறுத்த வேண்டும். விலங்குகளின் உரிமையாளர் அவற்றை அப்புறப்படுத்த வேண்டும். தவறினால் கவுன்சில் அவற்றைப் பிடித்துச் செல்லும், உரிமையாளர் மேல் நடவடிக்கையும் வரும். விளக்கம் சொல்ல அலுவலகத்துக்கு வரலாம். வரிவரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். நடுவில் என்னுடைய வரி அப்படியே உட்கார்ந்திருந்தது. அதைத் தாண்டிப் படித்திருக்கலாம். அவருக்குத் தெரிந்திருக்காது. ஆனால் வாய் அதையும் படித்துவிட்டது.

"பல தடவை சொல்லியும் கேக்கலன்னா?" என்றார் அவர். "யாரு டீச்சர் சொன்னது?"

நான் அடுத்த வரிக்குப் போனேன்.

"எங்கிட்ட யாரும் ஒண்ணும் சொல்லலியே. நீங்ககூட சொல்லலியே. சொல்லியிருந்தா நான் எடத்த மாத்தியிருப்பேன்லா. நாலு பேரு இருக்கற எடம், எனக்குத் தெரியாதா?" அவர் குரலில் கோபம் இல்லை. யார் எப்போது சொன்னார்கள் என்று உண்மையாகவே நினைவுபடுத்திப் பார்த்தார். "ஒருவேள நான் மோட்டார்ல போறப்ப யாராச்சும் சொல்லி எனக்குக் காதுல விழலியோ என்னமோ."

நான் எழுதிய ஒரு பொய்யை அவர் தன் காதின் குறையாக்கிக்கொண்டிருந்தார்.

"எனக்குப் பசார் மலாய்தான் தெரியும். ஆபீஸ்ல போய்ப் பேச வராது. கூட வர்றீங்களா டீச்சர்?" என்று கேட்டார். வருகிறேன் என்றேன்.

என் கணவர் சாப்பிட்டுக்கொண்டே கேட்டார். "நீ எழுதுனதுக்கு நீயே பதில் பேசப் போறியா? பேசாம ஒடம்பு சரியில்லன்னு சொல்லிடு." அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. நான்கு நாள் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை அரைநாள் விடுப்பு எடுத்தேன். அக்கா கோயிலுக்குக் கட்டுகிற சேலையைக் கட்டியிருந்தார். நோட்டீசை ஒரு கோப்பில் மடங்காமல் வைத்து மடியில் பிடித்துக்கொண்டிருந்தார். வழியெல்லாம் பூனைகளைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார். எது எதனுடைய குட்டி, எதற்குக் கண்ணில் நீர் வடிகிறது, எது மற்றவை தின்று முடிக்கும்வரை ஒதுங்கி நிற்கும் என்றெல்லாம் சொன்னார். கவுன்சில் அலுவலகத்தின் கார் நிறுத்துமிடத்தில் எஞ்சினை அணைத்த பிறகு நான் சொன்னேன்.

"அக்கா, அந்தப் புகாரை எழுதினது நான்தான்."

அவர் என்னைப் பார்த்தார்.

"எல்லாரும் கேட்டாங்க, எழுதினேன். ஆனா அந்த ஒரு வரி, பல தடவை சொன்னோம்கிறது, அது யாரும் சொல்லிக் கேட்டு எழுதல. நானாப் போட்டது."

அவர் கதவைத் திறந்து இறங்கினார். கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டு கட்டடத்தை நோக்கி நடந்தார். நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். இனி அவர் தனியாகவே போய்விடுவார் என்று நினைத்தேன். படிக்கட்டுக்குக் கீழே நின்று திரும்பிப் பார்த்தார். நான் போனதும், "நம்பர் எடுக்கணுமாம், எங்க எடுக்கறதுன்னு பாருங்க" என்றார்.

நம்பர் எடுத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தோம். எதிரில் இருந்த சுவரைப் பார்த்தபடி அக்கா கேட்டார்.

"அந்த வரிய ஏன் போட்டீங்க?"

"அப்படிப் போட்டாத்தான் அவங்க வருவாங்கன்னு."

"வந்துட்டாங்கல்ல" என்றார்.

அதற்குமேல் அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. அன்றைக்கும் பேசவில்லை, இன்றுவரைக்கும் பேசவில்லை.

எங்களை அழைத்த அதிகாரி நடுவயது மலாய்க்காரர், பொறுமையானவர். கோப்பைத் திறந்தார். மேலே என் கடிதம் இருந்தது. அவர் கேட்ட முதல் கேள்வி, இந்தப் பூனைகள் உங்களுடையவையா என்பது. நான் தமிழில் சொன்னேன்.

"என்னுது இல்ல. ஆனா சோறு நான்தான் போடறேன்" என்றார் அக்கா.

நான் அதை மலாயில் சொன்னதும் அதிகாரி பேனாவை வைத்துவிட்டு விளக்கினார். உங்களுடையவை என்றால் அவற்றின் பொறுப்பு முழுவதும் உங்களுடையது. வீட்டு வேலிக்குள் வைத்திருக்க வேண்டும், நோய் வந்தால் பார்க்க வேண்டும், அடுத்தவருக்குத் தொந்தரவு என்றால் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். இந்த அளவு வீட்டில் பதினாறை வைத்திருக்க முடியாது. உங்களுடையவை இல்லை என்றால் அவை தெருப்பூனைகள், புகார் வந்தால் நாங்கள் பிடித்தாக வேண்டும். இரண்டுக்கும் நடுவில் ஒரு கட்டம் இந்தப் படிவத்தில் இல்லை என்று தாளைத் திருப்பிக் காட்டினார். உண்மையாகவே இல்லை.

அக்கா என்னிடம் சொன்னார்: "கொண்டாந்து விட்டவங்கள ஏன் புடிக்கலன்னு கேளுங்க."

கேட்டேன். விலங்கை இப்படிக் கைவிடுவது சட்டப்படி தவறுதான் என்றார் அதிகாரி. தண்டனையும் உண்டு. ஆனால் யாராவது பார்த்திருக்க வேண்டும், வந்து சொல்ல வேண்டும். நீங்கள் யாராவது பார்த்தீர்களா?

"நான் ஒரு தடவை பார்த்தேன்" என்றேன். அக்கா சட்டென்று என் பக்கம் திரும்பினார்.

"வண்டி எண்?"

"பார்க்கவில்லை."

அவர் எதையும் எழுதிக்கொள்ளவில்லை. பெட்டியோடு வந்தவள் ஒரு நிமிடம்தான் அங்கே நின்றாள். தட்டோடு வருகிறவர் தினமும் அதே இடத்தில் நிற்கிறார். கையெட்டும் தூரத்தில் யார் நிற்கிறார்களோ அவர்களைத்தான் சட்டம் பிடிக்கிறது என்று அந்த மேசைக்கு முன்னால் உட்கார்ந்து நினைத்தேன். அந்தக் கையைப் பிடித்து நீட்டிவிட்டதும் நான்தான்.

பிறகு நான் அந்த வரியைச் சொன்னேன். அது உண்மையில்லை, யாரும் இவரிடம் எதுவும் சொன்னதில்லை, எழுதியவள் நான் என்றேன். அவர் என்னை ஒரு முறை பார்த்துவிட்டுக் கடிதத்தை மறுபடியும் படித்தார். "நல்ல மலாய்" என்றார். வேறு கண்டிப்பு எதுவும் இல்லை. அந்த இரண்டு சொற்களே எனக்குப் போதுமானதாக இருந்தன.

கோப்பில் இருப்பதை எடுக்க முடியாது, இன்னொரு கடிதம் கொடுங்கள், முதலில் கையெழுத்துப் போட்டவர்களே அதிலும் போட வேண்டும் என்றார். சந்தில் சோறு வைக்கக் கூடாது. கால்நடை இலாகாவின் மருந்தகத்தில் கருத்தடை செய்யலாம், செய்ததற்கு அடையாளமாகக் காது நுனியை வெட்டிவிடுவார்கள். எண்ணிக்கை ஏறாமல் இருந்தால் மூன்று மாதம் பொறுத்துப் பார்க்கிறேன் என்றார். "அதற்குள் இன்னொரு புகார் வந்தால் என் கையில் எதுவும் இல்லை."

இரண்டாவது கடிதத்தை எழுதிக்கொண்டு வீடு வீடாகப் போனேன். ஐந்து பேர் போட்டார்கள், ஒருவர் பிறகு பார்க்கலாம் என்றார். எதிர்வீட்டுக்காரர் மறுத்துவிட்டார்.

"நீங்க எழுதுனீங்க, போட்டோம். இப்ப மாத்தி எழுதிக்கிட்டு வர்றீங்க. நாங்க என்ன ஒங்க பேனாவா டீச்சர்?"

"அந்த வரி பொய்ங்கறதுக்காக மட்டும்தான்..."

"வரி பொய்யா இருக்கட்டும். எம்மக கால் பொய்யா?"

அவருடைய குறை நியாயமானது. அதை நியாயமாகவே எழுதியிருந்தால் போதும். நான்தான் அதன் பக்கத்தில் ஒரு பொய்யைத் துணைக்கு நிறுத்தி, கடைசியில் இரண்டையும் கெடுத்துவிட்டேன்.

கிடைத்த கையெழுத்துகளோடு கடிதத்தைக் கவுன்சிலில் கொடுத்துவிட்டேன். அடுத்த சில வாரங்கள் எங்கள் வீட்டுக் காரில் பூனைகள் பயணம் செய்தன. மருந்தகத்தில் இரண்டு கூண்டுகளை இரவல் கொடுத்தார்கள். அக்கா கூண்டுக்குள் கோழித் தலையை வைத்து, ஒரு துணியைப் போர்த்திவிட்டுத் தள்ளி உட்கார்ந்திருப்பார். முதல் நாள் என் கணவர் கார்ச் சாவியைத் தர மனமில்லாமல் தந்தார். இரண்டாவது வாரம் அவரே பின்சீட்டில் பழைய பேப்பர் விரித்தார். மூன்றாவது வாரம், "இது நேத்திக்கு ஏமாத்திட்டுப் போனதுதானே?" என்று கூண்டுக்குள் குனிந்து பார்த்தார். பத்துப் பூனைகளுக்குக் கருத்தடை ஆயிற்று. இரண்டு குட்டிகளைச் செமிலிங்கில் இருக்கும் என் சக ஊழியர் ஒருவர் எடுத்துக்கொண்டார்.

இரண்டாவது மாதம் கவுன்சில் லாரி வந்தது. அக்கா பசாரில் இருந்தார், நான் பள்ளியில் இருந்தேன். கணவர்தான் போன் செய்தார். யாரோ மறுபடி புகார் கொடுத்திருக்கிறார்கள் என்றார். யார் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எதிர்வீட்டு வாசல் பக்கத்திலிருந்து நான்கைப் பிடித்துக்கொண்டு போனார்கள். இரண்டு நாள் கழித்துத்தான் பிடித்த பூனைகளை அடைக்கும் இடம் எது என்று தெரிந்தது. மறுநாள் போனோம். இரண்டு பூனைகள்தான் அங்கே இருந்தன. மற்ற இரண்டும் எங்கே என்று அக்கா கேட்டதற்கு, அங்கிருந்த ஆள் இனி இல்லை என்று தலையை அசைத்தார். போன அந்த இரண்டில் ஒன்று, மற்றவை தின்னும்வரை ஒதுங்கி நிற்குமே, அது.

இருந்த இரண்டையும் கொடுப்பதற்கு ஒரு படிவம் இருந்தது. உரிமையாளர் என்ற இடத்தில் கையெழுத்து வேண்டும்.

"என்னா எழுதியிருக்குன்னு படிங்க. ஒவ்வொரு வார்த்தையாப் படிங்க" என்றார் அக்கா.

முதலில் மலாயில், பிறகு தமிழில் படித்தேன். ஒரு சொல்லையும் விடவில்லை. இந்த விலங்கு என்னுடையது, இனி இதற்கு நான் பொறுப்பு என்று இருந்தது. அவர் பேனாவைக் கேட்டு வாங்கினார். கையெழுத்துப் போட நேரம் பிடித்தது. திரும்பும் வழியில் கூண்டை மடியில் வைத்துக்கொண்டு அழுதார். போன இரண்டுக்காகவா, வந்த இரண்டுக்காகவா என்று நான் கேட்கவில்லை. காரை மெதுவாக ஓட்டினேன்.

அந்த இரண்டும் இப்போது கழுத்தில் பட்டையோடு அவர் வீட்டுக்குள் இருக்கின்றன. மீதி பத்துக்குக் கால்வாய்க்கு அப்பால், செம்பனை ஓரத்தில் சாப்பாடு. வைத்து அரைமணி நேரத்தில் தட்டுகளை எடுத்துக் கழுவிவிடுவார். அது தோட்டத்து நிலம். அதனால் தோட்டத்துக் கிராணியிடம் போய்க் கேட்டோம். போட்டுக்குங்க என்று வாய்ச்சொல்லாகச் சொன்னார். எழுத்தில் வாங்கிவிடலாம், நான் ஒரு கடிதம் எழுதுகிறேன் என்றேன்.

"எழுதாதீங்க டீச்சர்" என்றார் அக்கா. "எழுதுனா மேல அனுப்புவாங்க. மேல போனா வேணாம்னுதான் வரும்."

அவர் சொன்னதே சரி. ஆகவே இன்றைக்கு அந்தப் பூனைகள் சாப்பிடுவது ஒரு கிராணியின் வாய்ச்சொல்லில். அவர் மாற்றலாகிப் போனால் என்ன ஆகும் என்று எங்களுக்குத் தெரியாது.

எதிர்வீட்டுக்காரர் என்னிடம் பேசுவதைக் குறைத்துக்கொண்டார். அவர் மகளின் கால் ஆறிவிட்டது. என்னிடம் கடிதம் எழுத வருகிறவர்களும் குறைந்துவிட்டார்கள். நேரில் போய்ச் சொன்னீர்களா, எத்தனை தடவை, என்ன பதில் சொன்னார் என்று நான் கேட்கத் தொடங்கினால் சிலருக்கு அலுப்பாக இருக்கிறது. வேறு யாரோ போனிலேயே எழுதிக் கொடுக்கிறார்களாம்.

அக்கா வருகிறார். தன் தாள்களைக் கொண்டுவருகிறார், நான் படித்துச் சொல்கிறேன். ஆனால் உள்ளே வந்து உட்கார அவருக்கு ஒரு வருடம் ஆயிற்று. கோழி வாடைதான் காரணம் என்று அவர் சொன்னார். நானும் அப்படியே எடுத்துக்கொண்டேன்.

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் கால்வாய்ப் பக்கம் நானும் போயிருந்தேன். அக்கா தட்டுகளை வைத்துவிட்டு எண்ணிக்கொண்டிருந்தார். மரத்தடியில் புதிதாக ஒரு சாம்பல் நிறப் பூனை நின்றிருந்தது. இரண்டு காதும் முழுசாக இருந்தன. சினை வயிறு கீழே இறங்கியிருந்தது.

"இது யாரு கொண்டாந்து விட்டதோ" என்றார். பிறகு, "அடுத்த வாரம் காடி கெடைக்குமா டீச்சர்?" என்று கேட்டார்.

காரை வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். அவர் இன்னொரு தட்டை எடுத்துவரப் போனார்.